நாங்க மொத்தம் ஆறு பேர்!



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் தாழ்மையான கருத்து. "ரெண்டு நாயை வைத்துக்கொண்டு சென்னையில் வாடகை வீடு தேடிப் பார்!" 2023-ஆம் ஆண்டு மே மாதம் நாங்கள் தேடிப் பார்த்தோம். அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். சிரிப்பதற்கும் இதில் விஷயம் இருக்கிறது, யோசிப்பதற்கும் இருக்கிறது.

யார் அந்த ஆறு பேர்?

எங்கள் சொந்த ஊர் விருதுநகர் மாவட்டம் இராஜபாளையம். அப்பா, அம்மா, நான், தம்பி. இது நாலு. ஐந்தாவது வெள்ளச்சி. ஆறாவது மணி.

வெள்ளச்சி எங்கள் ஊர்ப் பெயரையே கொண்ட இராஜபாளையம் இன நாய். உடம்பெல்லாம் பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். அந்தக் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் இந்த நாய்களை வளர்த்தார்கள். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டு நாய் ஆகியவற்றோடு எங்கள் ஊர் நாயும் அதில் இடம் பிடித்தது. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் எங்க ஊர்ல முதல்ல இதைத்தான் சொல்வாங்க!

ஆனால் இந்த இனத்தில் ஒரு சங்கடம் உண்டு. குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கிற செல்கள் உள்காதுக்குள்ளும் இருக்க வேண்டுமாம். முழு வெள்ளை நாய்களில் சில சமயம் அவை இல்லாமல் போய்விடுவதால் கேட்கும் சக்தியும் போய்விடுகிறது என்று கால்நடை டாக்டர் எங்களுக்கு விளக்கினார். வெள்ளச்சி அப்படிப் பிறந்தவள். காது கேட்காத குட்டியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதனால் வளர்த்தவர் அப்பாவிடம் சும்மாவே கொடுத்துவிட்டார்.

மணி சாதாரண தெரு நாய். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மழையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை அம்மா முந்தானையில் சுற்றி எடுத்து வந்தார். பழுப்பு நிறம். ஒரு காது நிற்கும், ஒரு காது மடிந்திருக்கும். அழகுப் போட்டியில் கலந்துகொண்டால் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது. ஆனால் வெள்ளச்சிக்குக் காது அவன்தான். கேட் சத்தம் கேட்டு மணி எழுந்தால் அவளும் எழுவாள். அவன் ஓடினால் அவளும் ஓடுவாள். அவன் நிம்மதியாகத் தூங்கினால்தான் அவளும் தூங்குவாள்.

வெள்ளச்சியிடம் நாங்கள் கையால்தான் பேசுவோம். உள்ளங்கையைக் காட்டினால் "நில்". விரலைக் கீழே காட்டினால் "உட்கார்". இருட்டாக இருந்தால் டார்ச்சை இரண்டு தடவை போட்டுப் போட்டு அணைப்போம். அப்படியென்றால் "இங்கே வா". இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

விட்டுட்டுப் போங்க!

இராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே ஒரு கம்பெனியில் அப்பா கணக்கு எழுதினார். 2023 ஏப்ரலில் அந்தக் கம்பெனி சென்னை கிண்டிப் பக்கம் ஒரு குடோன் எடுத்தது. "ஜூன் ஒண்ணாந்தேதி அங்க இருக்கணும்" என்று அப்பாவுக்கு உத்தரவு வந்துவிட்டது. நான் அப்போது ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன்.

செய்தி தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "அப்போ நாயை என்ன பண்ணப் போறீங்க?" பதிலையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். "யார்ட்டயாவது குடுத்துட்டுப் போங்க." பக்கத்து வீட்டு மாமா இன்னும் ஒரு படி மேலே போனார். "வண்டியில ஏத்தி அய்யனார் கோயில் பக்கம் இறக்கி விட்டுட்டு வந்துருங்க. அது பாட்டுக்குப் பொழைச்சுக்கும்" என்றார்.

அது பாட்டுக்குப் பிழைக்காது நண்பர்களே! ஒவ்வொரு தெருவும் அங்கே இருக்கிற நாய்களுக்கு ஓர் எல்லை. புதிதாக ஒரு நாய் வந்தால் கடித்து விரட்டும். வீட்டில் தட்டில் சோறு தின்று பழகிய நாய்க்குக் குப்பையில் தேடத் தெரியாது. வண்டி வருவது வெள்ளச்சிக்குக் கேட்கவும் கேட்காது. பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும் நிலையில் வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

ஆச்சி மட்டும் நியாயமாகப் பேசினார். "ஒண்ணுன்னா நான் பார்த்துக்கிடுவேன். ரெண்டையும் இழுத்துப் பிடிக்க எனக்கு ஏதுப்பா தெம்பு?" என்றார். எதை விடுவது? மணியை விட்டால் வெள்ளச்சிக்குக் காது போய்விடும். வெள்ளச்சியை விட்டால் அவளைப் பிடிக்க ஆச்சியால் முடியாது. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வந்தா எல்லாரும் வருவோம்."

"வேணாம் சார்!"

மே மாதம் நாய்களைப் பத்து நாளைக்கு மட்டும் ஆச்சியிடம் விட்டுவிட்டு, பொதிகை எக்ஸ்பிரசில் ஏறிச் சென்னைக்கு வந்தோம். பல்லாவரத்தில் சித்தப்பா வீட்டில் தங்கினோம். காலையில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் இறங்கினால் ராத்திரிதான் திரும்புவோம். ஆதம்பாக்கம், நங்கநல்லூர், வேளச்சேரி, கீழ்க்கட்டளை, மடிப்பாக்கம் என்று கேட்டில் "டு-லெட்" போர்டு தொங்குகிற தெருவெல்லாம் எனக்கு மனப்பாடம்.

முதல் நாள் வந்த புரோக்கர் அண்ணன் ரொம்ப உற்சாகமாக இருந்தார்.

"ஃபேமிலி எத்தனை பேரு சார்?"

"நாலு பேரு... அப்புறம் ரெண்டு நாய்" என்றார் அப்பா, குரலைக் கொஞ்சம் தணித்து.

"ஆறு பேரு!" என்றான் தம்பி சத்தமாக.

அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நாயைப் பத்தி இப்போ சொல்லாதீங்க சார். அட்வான்ஸ் குடுத்துட்டு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றார்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "மறைச்சு வச்சா எத்தனை நாளைக்கு? முதல் நாள் மணி குரைக்கிறப்போ தெரிஞ்சுடும். அப்புறம் சாமானோட தெருவுல நிக்கணும்" என்றார். அது எவ்வளவு சரியான முடிவு என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

நான் ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். பத்து நாளில் நாங்கள் பார்த்தது 23 வீடு. கணக்கு இதோ:

காரணம் சொல்லாமல் "நாயா? வேணாம் சார்" என்றவர்கள்: 9
முன்னால் இருந்தவர்களின் நாய் கதவைப் பிறாண்டியது, மாடிப்படியை நாசம் செய்தது என்றவர்கள்: 5
அக்கம்பக்கத்தார், அசோசியேஷன் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றவர்கள்: 4
"எங்களுக்கு நாய்னா பயம்" என்றவர்கள்: 3
நிபந்தனையோடு சரி என்றவர்கள்: 2

ஒரு வீட்டில், "நாய் வெஜிடேரியனா?" என்று கேட்டார்கள். அப்பாவால் பொய் சொல்ல முடியவில்லை. இன்னொரு வீட்டில் பத்து மாத வாடகை அட்வான்ஸ், நாய்க்குத் தனியாக இன்னும் இரண்டு மாத வாடகை என்றார்கள். "நாய்க்குத் தனி ரூம் குடுப்பீங்களா?" என்று தம்பி கேட்டான். அம்மா அவன் தொடையில் கிள்ளினார்.

அடுக்குமாடி அசோசியேஷன் விஷயத்தில் சித்தப்பா கொதித்தார். "அவங்க எப்படித் தடுக்க முடியும்? சட்டம் நம்ம பக்கம்தானே!" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்கு மொத்தமாகத் தடை போட முடியாது, லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. எல்லா உயிர்களிடமும் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று நம் அரசியலமைப்பின் 51-அ பிரிவும் சொல்கிறது. ஆனால் ஒருவர் தன் சொந்த வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது பெரும்பாலும் அவர் இஷ்டம். "சட்டம் பேசி சண்டை போட்டுக் குடி போனா, பால் காய்ச்சுற அன்னைக்கே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுதான் இருக்கணும்" என்றார் அப்பா.

"வெள்ளை மட்டும் ஓகே"

எட்டாவது நாள் நங்கநல்லூரில் ஒரு வீடு. முதல் மாடி, காற்றோட்டம், நல்ல தண்ணீர், வாடகையும் எங்கள் கைக்கு எட்டுகிற அளவு. நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். வீட்டுக்காரர் அப்பாவின் செல்போனில் படத்தைப் பார்த்ததும், "அட, ராஜபாளையமா! கம்பீரமா இருக்கே. கேட்டுக்குள்ள நின்னா வீட்டுக்கே ஒரு மதிப்பு" என்றார். எங்களுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அடுத்த படத்தைப் பார்த்தார்.

"இது?"

"இது மணிங்க."

"இந்தத் தெரு நாய் வேணாம். வெள்ளை மட்டும் ஓகே. நாளைக்குள்ள சொல்லுங்க, இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்."

அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னும் இரண்டே நாள்தான் லீவு. அப்பா மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டார். சித்தப்பாவும் வேறு வழி தெரியாமல், "மணியை ஆச்சிகிட்ட விட்டுடலாம்ணே. அது சாதுதானே" என்றார். அப்பா பதில் சொல்லாமல் இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது. சரி என்று சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது.

அப்போது சித்திதான் அந்தக் கதையைச் சொன்னார். மகாபாரதத்தின் கடைசிப் பகுதியில் தருமர் இமயமலையில் ஏறிப் போகிறார். திரௌபதியும் தம்பிகளும் வழியிலேயே ஒவ்வொருவராக விழுந்துவிடுகிறார்கள். கடைசிவரை கூட நடந்து வருவது ஒரு நாய் மட்டும்தான். இந்திரன் தேரோடு வந்து, "ஏறிக்கொள், சொர்க்கத்துக்குப் போகலாம். ஆனால் நாய்க்கு அங்கே இடமில்லை" என்கிறான். "என்னை நம்பி வந்ததை விட்டுவிட்டு வரும் சொர்க்கம் எனக்கு வேண்டாம்" என்று தருமர் மறுத்துவிடுகிறார். அதன் பிறகுதான் அந்த நாய் தரும தேவதை என்று தெரிகிறது.

"சொர்க்கத்துலயே அந்தக் கண்டிஷன்தான் போட்டிருக்காங்க. நங்கநல்லூர்ல போட்டா என்ன தப்பு?" என்று சித்தி முடித்தார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அப்பாவும் சிரித்தார். மறுநாள் காலையில் போன் செய்து, "வேற பார்ட்டிக்குக் குடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

நாய்க்கு ஒரு பயோடேட்டா

அன்றைக்குத்தான் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "இதுல ஒம்போது பேரு காரணமே சொல்லலை. நாமளும் கேக்கலை. கேட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்பாங்கள்ல?" என்றார்.

யோசித்துப் பார்த்தால், வீட்டுக்காரர்கள் பயப்படுவது ஐந்தாறு விஷயத்துக்குத்தான். கடிக்குமா? ராத்திரி குரைக்குமா? அசிங்கம் பண்ணுமா? கதவையும் சுவரையும் கெடுக்குமா? குட்டி போட்டுப் பெருகுமா? பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா? இதில் எதுவுமே அநியாயமான கேள்வி இல்லை. இத்தனைக்கும் பதில் கையில் இருந்தால்?

அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கல்யாணத்துக்கு ஜாதகம் கொடுப்பது போல ஆளுக்கு ஒரு பக்கம்.

பெயர்: மணி. வயது: 4. எடை: 16 கிலோ. வெறிநாய்த் தடுப்பூசி: வருடா வருடம் போட்டிருக்கிறது, புத்தகம் இணைப்பில். கருத்தடை ஆபரேஷன்: ஆகிவிட்டது. வெளியே போகும் நேரம்: காலை 5.30, இரவு 8. அசிங்கத்தை எடுப்பவர்: நான், பேப்பர் மற்றும் கவருடன். கடித்த வரலாறு: இல்லை. கெட்ட பழக்கம்: பால்காரரைக் கண்டால் மூன்று முறை குரைப்பான். பிறகு நிறுத்திவிடுவான்.

வெள்ளச்சிக்கும் அப்படியே. அவளுக்கு மட்டும் ஒரு வரி கூடுதல்: "பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் இருந்து திடீரென்று தொட வேண்டாம்."

கூடவே இராஜபாளையத்தில் நாங்கள் ஆறு வருடம் குடியிருந்த வீட்டின் உரிமையாளரிடம் போனில் கேட்டு, "என் வீட்டை நல்லபடியாக வைத்திருந்தார்கள், நாய்களால் ஒரு தொந்தரவும் இல்லை" என்று நாலு வரிக் கடிதம் வாங்கினோம். அவர் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

பதினாலு ஊசி

கடைசி நாள், 23-ஆவது வீடு. மடிப்பாக்கத்தில் ஒரு பழைய மாடி வீடு. கீழ் வீடு காலி. மழைக்காலத்தில் தண்ணீர் வரும் தெரு என்பதால் கீழ் வீட்டுக்கு ஆள் வருவது குறைவு என்று புரோக்கர் அண்ணன் முன்னாலேயே சொல்லிவிட்டார். வாடகை 14,000. மேலே வீட்டுக்காரத் தாத்தாவும் பாட்டியும். தாத்தா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

தபால்காரர் என்றதுமே எங்களுக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. தபால்காரருக்கும் நாய்க்கும் உள்ள உறவு உலகம் அறிந்தது!

"நாயா? கிடையவே கிடையாது" என்றார் தாத்தா.

அம்மா எழுந்திருக்கவில்லை. "சரிங்கய்யா. ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?" என்று பணிவாகக் கேட்டார்.

தாத்தா வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினார். பள்ளம் மாதிரி ஒரு தழும்பு. "எண்பத்தேழுல மணியார்டர் குடுக்கப் போனப்போ கடிச்சது. தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி. தினம் ஒண்ணு. சோத்தைப் பார்த்தாலே வாந்தி வரும். அந்த நாய் சாகுமா, நான் சாகப் போறேனான்னு தெரியாம இவ அழுதுக்கிட்டு இருந்தா" என்று பாட்டியைக் காட்டினார்.

அந்தப் பதினாலு ஊசி நிஜம்தான். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய வகைத் தடுப்பு மருந்து அது. லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு முதன்முதலில் ஒரு சிறுவனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார் என்று நாம் படித்திருக்கிறோம். அதற்குப் பிறகு நூறு வருடம் ஆகியும் நம் ஊரில் வயிற்றில்தான் ஊசி. 2005-ஆம் ஆண்டு வாக்கில்தான் அந்தப் பழைய மருந்து இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போது கையில் நாலைந்து தடவை போட்டால் போதும். ஆனால் நோய் வந்துவிட்டால் இன்றைக்கும் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. அதனால் தாத்தாவின் பயம் முழுக்க முழுக்க நியாயமான பயம்.

அம்மா "எங்க நாய் அப்படி இல்லை" என்று வாதாடவில்லை. "ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தடுப்பூசிப் புத்தகத்தையும் பயோடேட்டாவையும் அவர் முன் வைத்தார். தாத்தா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மணியார்டர் பாரத்தைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் படித்தார். "பால்காரரைக் கண்டால் மூன்று முறை குரைப்பான்" என்ற இடத்தில் நின்றார்.

"இதை ஏன் எழுதினே?"

"நிஜமாவே குரைப்பான் தாத்தா" என்றேன்.

அவர் பாட்டியைப் பார்த்தார். பாட்டி, "உண்மையைச் சொல்றாங்களே" என்றார். தாத்தா ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து கண்டிஷன் எழுதினார். நாய் மாடிப்படி ஏறக் கூடாது. கேட்டுக்கு வெளியே கயிறு இல்லாமல் விடக் கூடாது. வாசல் தினமும் கழுவப்பட வேண்டும். தடுப்பூசி போட்டதும் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் நாய் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதம் பார்ப்பார், பிடிக்கவில்லை என்றால் காலி செய்ய வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன், நான்தானே அசிங்கம் எடுக்கும் ஆள்!

மே கடைசியில் ஒரு வேன் பிடித்து, ராத்திரி வெயில் இல்லாத நேரமாகப் பார்த்து, மதுரை, திருச்சி, விழுப்புரம் வழியாக வந்து சேர்ந்தோம். கிளம்புவதற்கு முன் நாய்களுக்குக் கொஞ்சமாகத்தான் சாப்பாடு. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர். பழைய படுக்கைத் துணியைத் துவைக்காமல் அப்படியே கொண்டுவந்து புது வீட்டில் விரித்தோம். தங்கள் வாசனை இருந்ததால் இரண்டும் அதன் மேலேயே சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டன. அடுத்த வாரம் தடுப்பூசிச் சான்றைக் காட்டி மாநகராட்சியில் உரிமம் எடுத்தோம். அதையும் தாத்தாவிடம் காட்டினோம். "ம்" என்றார். மூன்று மாதம் முடிந்த அன்று அப்பா மேலே போய், "ஐயா, இருக்கலாமா?" என்று கேட்டார். அதற்கும் "ம்" தான்!

மிக்ஜாம்

2023 டிசம்பர் 3-ஆம் தேதி ராத்திரி மிக்ஜாம் புயல் மழை. உங்களில் பல பேர் வீட்டுக்கும் தண்ணீர் வந்திருக்கும். 4-ஆம் தேதி எங்கள் தெரு ஏரியாகிவிட்டது. கரண்ட் இல்லை. முதலில் பாத்ரூம் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே வந்தது, பிறகு வாசல் வழியாகவும். இருட்டுகிற நேரத்தில் முழங்கால் அளவு ஆகிவிட்டது. அப்பா கேஸ் சிலிண்டரைத் தூக்க, அம்மா ரேஷன் கார்டையும் சர்டிபிகேட்டுகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க, நானும் தம்பியும் புத்தகப் பையோடு படிக்கட்டில் நின்றோம். மணி எங்கள் பின்னாலேயே முதல் படிவரை வந்துவிட்டான். கண்டிஷன் ஞாபகம் வந்தது. அவனை அங்கேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளச்சி மட்டும் உள் அறையில் கட்டில் மேல் நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்காது. இருட்டில் என் கை தெரியாது. செல்போன் எல்லாம் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தன. அப்பா போய்த் தூக்கப் பார்த்தார், அவள் பயத்தில் இன்னும் மூலைக்குப் போனாள்.

அப்போது மேல் படியிலிருந்து ஒரு வெளிச்சம் கதவு வழியாக உள்ளே பாய்ந்தது. அணைந்தது. மறுபடி பாய்ந்தது. அணைந்தது. இரண்டு தடவை.

வெள்ளச்சி தண்ணீரில் குதித்து, நீந்துவதும் நடப்பதுமாக நேராகப் படிக்கட்டுக்கு வந்துவிட்டாள்.

நிமிர்ந்து பார்த்தால் தாத்தா, கையில் அவருடைய பெரிய டார்ச். "என்னம்மா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க? ரெண்டையும் கூட்டிக்கிட்டு மேல வாங்க" என்றார்.

அந்த டார்ச் சமாச்சாரத்தை நாங்கள் அவருக்குச் சொன்னதே இல்லை. ஆறு மாதமாக மாடியிலிருந்து அவராகவே பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்!

மூன்று ராத்திரி ஆறு பேரும் அவர்கள் ஹாலில்தான் இருந்தோம். பாட்டி ரசம் சாதத்தில் நாய்களுக்கும் பங்கு வைத்தார். ஒருநாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாத்தா தன் தபால்தலை ஆல்பத்தைப் பிரித்துக் காட்டினார். அதில் அந்த 2005-ஆம் வருட இராஜபாளையம் நாய்! "நீங்க முதல் நாள் ஊர் பேரைச் சொன்னப்பவே ஞாபகம் வந்துச்சு. காட்டினா இடம் குடுத்துடுவேன்னு காட்டலை" என்றார்.

தண்ணீர் வடிந்து நாங்கள் கீழே வீட்டைக் கழுவி முடித்ததும் தாத்தா அப்பாவைக் கூப்பிட்டார். "மழை சரி. இனிமே பழையபடி மாடிப்படி ஏறக் கூடாது. கண்டிஷன் கண்டிஷன்தான்" என்றார். அதிலும் மாற்றம் இல்லை. இன்றைக்கும் நாங்கள் அதே வீட்டில்தான் இருக்கிறோம், அவர் இன்றைக்கும் நாயைத் தொட மாட்டார். ஆனால் தடுப்பூசி மாதம் வந்தால், எங்களுக்கு முன்னால் அவர் ஞாபகப்படுத்துகிறார்.

உங்களுக்குச் சில குறிப்புகள்

நம் பள்ளியில் வருடா வருடம் யாராவது மாற்றலாகி வருகிறார்கள், போகிறார்கள். அவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

1. நாய் இருப்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள்.
2. "வேணாம்" என்றால் கோபப்படாமல் காரணம் கேளுங்கள். அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.
3. தடுப்பூசிப் புத்தகம், கருத்தடைச் சான்று, முந்தைய வீட்டுக்காரர் கடிதம், உரிமம் ஆகியவற்றை ஒரே ஃபைலில் வையுங்கள்.
4. குறையையும் எழுதுங்கள். குறையே இல்லாத நாய் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.
5. ஒப்புக்கொண்ட கண்டிஷனை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு மீறாதீர்கள். நீங்கள் ஒழுங்காக இருந்தால்தான் உங்களுக்குப் பின்னால் நாயோடு வருபவருக்கு வீடு கிடைக்கும். எங்களுக்கு 5 வீடு கிடைக்காமல் போனது முன்னால் இருந்தவர்களால்தான்.
6. யாரையாவது நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.
7. ஐந்து வருடத்துக்குள் ஊர் மாறுவோம் என்று தெரிந்தால், நாய்க்குட்டி வாங்குவதற்கு முன்னாலேயே இதையெல்லாம் யோசியுங்கள். குட்டி அழகாக இருக்கிறது என்று வாங்கிவிட்டுப் பிறகு தெருவில் விடுவது பாவம்.

கடைசியாக, சொந்த வீட்டில் மாடியோ கீழ் வீடோ வாடகைக்கு விடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் கேட்டில் ஒரு குடும்பம் தயங்கித் தயங்கி நின்று "ரெண்டு நாய் இருக்கு" என்று சொன்னால், உங்கள் அப்பா அம்மாவிடம், "ஃபைலையாவது பார்த்துட்டுச் சொல்லுங்களேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் அது அவர்கள் உரிமை.

பயோடேட்டா மாதிரி வேண்டும் என்பவர்கள் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வரலாம். இலவசமாக எழுதித் தரப்படும். பூனைக்கும் உண்டு!



இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி